ஒபெரா அரங்கின் ஈர்ப்பு: குரலும் கூட்டமும் பற்றிய சில சிந்தனைகள்

ஒபெரா என்னுங் கலைவடிவம் பற்றித் தமிழிலே எழுதப் புகுவோர் எதிர்கொள்ளும் முதலாவது இடர்ப்பாடு சொல் பற்றியதாகும். அதனை 'இசை நாடகம்' என மொழிபெயர்ப்பது பொதுவழக்கு. ஆயின், ஈழத்துத் தமிழர் மத்தியிலே இசை நாடகம் என்பது ஏலவே ஒரு குறித்த வடிவத்துக்குரிய பெயராக நிலைபெற்றுவிட்டது. பார்சி அரங்கின் செல்வாக்கை உள்வாங்கித் தமிழகத்தில் உருப்பெற்று, சங்கரதாஸ் சுவாமிகள் முதலியோரின் ஆக்கங்கள் வழியாக யாழ்ப்பாணத்தில் வேரூன்றிய மரபையே அப்பெயர் நமக்கு நினைவூட்டுகின்றது. இக்காரணத்தால் இக்கட்டுரையில் ஒபெரா என்ற சொல்லையே கையாளுகின்றோம். இது வெறுமனே கலைச்சொல் பற்றிய பிரச்சினையன்று. நமது இசை நாடகத்திலே ஒரு பாட்டு எவ்வளவு நேரம் நீளும், எந்த அடி எத்தனை தடவை மடக்கிப் பாடப்படும் என்பவற்றை நடிகன் சபையின் முகத்தைப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளலாம். ஒபெராவிலோ, ஒரு வினாவுக்கும் அதன் விடைக்கும் இடையிலான மௌனத்தின் நீளத்தைக்கூட இசையமைப்பாளன் எழுதிவைத்துவிடுகிறான். அங்கே நாடகத்தின் காலத்தை ஆள்பவன் அவனே. எனவேதான் ஒபெராக்களை அவற்றின் பிரதியை எழுதியவன் பெயராலன்றி வேர்டியினது என்றும் மோற்சாற்றினது என்றும் உலகம் அழைக்கின்றது.

நமது கலை விமர்சகர்களிடையே ஒபெரா பற்றி இருவகை மனோபாவங்கள் நிலவி வந்துள்ளன. ஒருசாரார் அதனை மேற்கத்திய உயர்பண்பாட்டின் கொடுமுடியாகக் கருதி, தமக்கு அதிலே பரிச்சயம் உண்டு என்பதைத் தெரியப்படுத்துவதிலே ஆர்வங்காட்டினர். மற்றொருசாரார், பெரும்பாலும் முற்போக்கு முகாமைச் சேர்ந்தோர், பட்டுடையும் வைர மாலையும் அணிந்தோர் மாலைப்பொழுதைக் கழிக்கும் இடம் என்று கூறி அதனை ஒதுக்கினர். இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். அரங்கிலே உண்மையில் என்ன நிகழ்கின்றது என்பதை இருவருமே உசாவியதில்லை. நாமும் நெடுங்காலம் இரண்டாவது சாராரின் கருத்தையே எமதாகக் கொண்டிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா எளிமையானது. என்றிக்கோ கருஸோ 1902இல் மிலான் நகரிலே தமது பாடல்களை ஒலிப்பதிவு செய்த காலத்திலிருந்து, ஒபெராவைக் கேட்பதற்கு அரங்கிற்குச் செல்லவேண்டிய அவசியம் படிப்படியாகக் குறைந்து வந்துள்ளது. இன்று மிகச் சிறந்த பாடகர்களின் மிகச் சிறந்த பதிவுகளை வீட்டிலிருந்தவாறே கேட்கலாம், காட்சியாகவும் காணலாம். அவ்வாறிருந்தும் மக்கள் ஏன் அரங்கிற்குச் செல்கின்றனர்? அங்கே செல்வதன் ஈர்ப்பு யாது? அந்த ஈர்ப்பு ஒரு வர்க்கத்தின் ஆடம்பரம் மாத்திரந்தானா?

இறுதி வினாவை முதலில் நோக்குவோம். குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அதனை மறைப்பதிற் பயனில்லை. ஒபெரா பிரபுக்களின் அரண்மனைகளிலே பிறந்தது. மொன்ரெவேர்டியின் 'ஒர்பெயோ' 1607இல் மாந்துவா அரசவையிலே அரங்கேறியது. முப்பது ஆண்டுகளின் பின்னர், 1637இல், வெனிஸ் நகரத்தின் சான் கசியானோ அரங்கு கட்டணம் செலுத்துவோர் எவர்க்கும் கதவு திறந்தது. கலை வரலாற்றிலே இது முக்கியமானதொரு திருப்பம். அழைப்புக்குப் பதிலாக நுழைவுச்சீட்டு வந்தது. புரவலனுக்குப் பதிலாகச் சந்தை வந்தது. ஆயினும் அந்தச் சந்தை சமத்துவமானதன்று. அடுக்கடுக்காக அமைந்த தனியறைகளைச் செல்வக் குடும்பங்கள் ஆண்டு முழுமைக்கும் வாடகைக்குப் பெற்றுக்கொண்டன. கீழ்த்தளமும் பிற்காலத்திலே கூரையை ஒட்டிய மேல்மாடமும் ஏனையோருக்கு ஒதுக்கப்பட்டன. 1778இல் திறக்கப்பட்ட மிலானின் லா ஸ்காலா அரங்கிலே இந்த அமைப்பை இன்றும் காணலாம். சமூகத்தின் குறுக்குவெட்டுப் படமொன்றைக் கட்டடமாகக் கட்டினால் அது இத்தாலிய ஒபெரா அரங்கைப் போன்றே இருக்கும்.

ஐரோப்பாவுக்கு வெளியே இவ்வரங்கு சென்ற கதை இன்னும் கசப்பானது. அமேசன் காட்டின் நடுவே மனௌஸ் நகரிலே 1896இல் திறக்கப்பட்ட ஒபெரா மாளிகை இறப்பர் வணிகத்தின் கொள்ளை இலாபத்தில் எழுந்தது. அந்த இறப்பரைச் சேகரித்த கூலிகள் கடனால் கட்டுண்டு காட்டிலே மடிந்தனர். சுயஸ் கால்வாய் திறக்கப்பட்ட 1869ஆம் ஆண்டிலேயே கெய்ரோவிலும் ஓர் ஒபெரா அரங்கு திறக்கப்பட்டது. வேர்டியின் 'அய்டா' 1871இல் அங்கே அரங்கேறியது. எட்வேட் சயீட் 1993இல் வெளியிட்ட 'பண்பாடும் ஏகாதிபத்தியமும்' என்ற நூலிலே இந்த ஒபெராவை ஏகாதிபத்தியக் காட்சிப்படுத்தலின் விளைபொருளாக வாசித்துக் காட்டினார். அவ்வாசிப்பு நிராகரிக்க இயலாதது. கறுப்பினப் பாடகியாகிய மரியன் அண்டர்சன் நியூயோர்க் மெற்றொபொலிற்றன் ஒபெராவின் மேடையிலே பாடுவதற்கு 1955ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அவரது குரலின் உச்சக்காலம் கடந்துவிட்டிருந்தது.

இவை யாவும் உண்மை. ஆனால் வரலாறு இவற்றோடு முடிந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலியிலே எழுத்தறிவற்ற மக்கள் பெருந்தொகையினராக இருந்த சூழலில், ஒபெராவின் மெட்டுக்கள் தெருவிசைக் கருவிகள் வழியாகவும் ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுக்கள் வழியாகவும் சிற்றூர்களை எட்டின. இதனை மிகக் கூர்மையாக அவதானித்தவர் அந்தோனியோ கிராம்சி. பிரான்சிலும் இங்கிலாந்திலும் நாவல் வகித்த பாத்திரத்தை இத்தாலியிலே ஒபெரா வகித்தது என்பது அவர் சிறைக்குறிப்புகளிலே விவாதிக்குங் கருத்து. ஆயின் அவர் இதனைக் கொண்டாடினார் என்று கொள்வது தவறு. ஒபெரா வளர்த்த ரசனை, உணர்ச்சியை மிகைப்படுத்தி வெளிப்படுத்தும் செயற்கையான பாங்கினைப் பொதுமக்களிடையே பரப்பிவிட்டது என்ற கவலையும் அவருக்கு இருந்தது. நமது மேடைப் பேச்சு மரபையும் சினிமா வசன மரபையும் அறிந்தவர்களுக்கு இந்தக் கவலை அந்நியமாகத் தோன்றாது.

முற்போக்கு எழுத்துக்களிலே ஒபெராவுக்காக வாதாட முனைவோர் வழமையாக இரண்டு சம்பவங்களைக் குறிப்பிடுவர். ஒன்று, 1830ஆம் ஆண்டு ஓகஸ்ற் 25ஆந் திகதி பிரஸ்ஸல்ஸ் நகரிலே நிகழ்ந்தது. ஓபேர் இயற்றிய 'போர்த்திச்சியின் ஊமைப்பெண்' அன்றிரவு ஆடப்பட்டது. 1647இல் நேப்பிள்ஸ் நகர மீனவனொருவன் தலைமையில் எழுந்த கிளர்ச்சியே அதன் கதைப்பொருள். தாய்நாட்டைப் பற்றிய இருவர் பாட்டு முடிந்ததும் சபை கொந்தளித்தது. மக்கள் தெருவில் இறங்கினர். பெல்ஜியப் புரட்சி தொடங்கிற்று. இச்சம்பவம் உண்மையே. எனினும் அதற்கு ஒரு மாதத்துக்கும் குறைவான காலத்தின் முன்னர் பாரிஸ் நகரிலே யூலைப் புரட்சி நிகழ்ந்திருந்தது என்பதையும், பிரஸ்ஸல்ஸ் நகரத் தொழிலாளர் வேலையின்மையாலும் விலையேற்றத்தாலும் வாடியிருந்தனர் என்பதையும் மறந்துவிடலாகாது. பாட்டு புரட்சியைப் படைக்கவில்லை. ஒன்றுகூடுவதற்கு இடமும் ஒரே வேளையில் எழுந்து நிற்பதற்கு ஒரு கணமும் கொடுத்தது. அது சிறிய விடயமன்று.

மற்றையது, 1842இல் லா ஸ்காலாவில் அரங்கேறிய 'நபூக்கோ' பற்றியது. பாபிலோனிலே சிறைப்பட்ட எபிரேயர் பாடும் குழுப்பாட்டைக் கேட்ட மிலான் மக்கள், ஒஸ்திரிய ஆட்சியாளரின் தடையையும் மீறி, அதனை மீண்டும் பாடும்படி ஆர்ப்பரித்தனர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த கதை. பழைய ஆவணங்களை ஆராய்ந்த இசை வரலாற்றாய்வாளர் றொஜர் பார்க்கர், மீண்டும் பாடப்பட்டது அப்பாட்டன்று, அதே ஒபெராவின் வேறொரு குழுப்பாட்டே என்று காட்டினார். அரங்கேற்ற இரவின் தேசிய எழுச்சி பெரும்பாலும் பிற்காலத்தார் கட்டிய கதை. இதனால் நமக்கு நட்டம் எதுவுமில்லை. ஒரு பாட்டு மக்களுடைய பாட்டாகப் பிறப்பதில்லை, ஆக்கப்படுகின்றது என்பதையே இது உணர்த்துகின்றது. 1901இல் வேர்டியின் உடல், வயோதிப இசைக்கலைஞருக்கென அவரே நிறுவிய இல்லத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டபோது, தொஸ்கனினியின் நெறிப்படுத்தலில் எண்ணூறுக்கு மேற்பட்டோர் அப்பாட்டையே பாடினர். 2011 மார்ச்சில் உரோமாபுரி ஒபெராவிலே, பண்பாட்டுக்கான அரச நிதி வெட்டப்பட்டதைக் கண்டித்துச் சபையை நோக்கிப் பேசிய றிக்கார்டோ மூத்தி, அதே பாட்டைச் சபையோரையும் சேர்ந்து பாடும்படி கேட்டுக்கொண்டார். அவர்கள் பாடினர். 1842இல் நிகழாதது 2011இல் நிகழ்ந்தது எனலாம்.

இனி அரங்கினுள்ளே செல்வோம். வியன்னா அரச ஒபெராவிலே நின்று பார்ப்போருக்கென மலிவான இடங்கள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கருத்தரங்கின் நிமித்தம் அந்நகருக்குச் சென்றிருந்த வேளையில், மாணவர்களும் ஓய்வுபெற்ற முதியவர்களும் நிறைந்திருந்த அந்தப் பகுதியிலே இடம் பிடித்தோம். முன்னால் உள்ள கம்பியிலே கழுத்துத் துணியொன்றைக் கட்டிவிட்டுச் சென்றால் அந்த இடம் நமக்குரியது. எவரும் அதனைத் தொடமாட்டார். எம்மிடம் கழுத்துத் துணி இல்லாமையால் கைக்குட்டையைக் கட்டினோம். அன்று ஆடப்பட்டது வேர்டியின் 'ரிகொலெற்றோ'. பல ஆண்டுகளாக இசைத்தட்டிலே கேட்டுப் பழகிய ஆக்கம். ஆயினும் முதற்குரல் எழுந்தபோது எமக்கு ஏற்பட்ட உணர்வு வியப்பு என்றே கூறவேண்டும். அந்தக் குரல் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. அதே வேளை, எதிர்பார்த்ததைவிட அண்மையில் இருந்தது.

இவ்வனுபவத்துக்கு விஞ்ஞான விளக்கம் உண்டு. ஒபெராப் பாடகர் ஒலிபெருக்கியைப் பயன்படுத்துவதில்லை. அறுபது, எழுபது வாத்தியங்களுக்கு மேலாக ஒரு மனிதத் தொண்டை எவ்வாறு கேட்கின்றது என்ற வினாவுக்கு, சுவீடனைச் சேர்ந்த யொஹான் சுண்ட்பேர்க் 1970களில் வெளியிட்ட ஆய்வுகள் விடையளித்தன. வாத்தியக் குழுவின் ஒலிச்சக்தி செக்கனுக்கு ஏறத்தாழ 500 அதிர்வுகள் என்ற பகுதியிலே உச்சமடைந்து அதற்கு மேலே விரைவாகக் குறைந்து செல்கின்றது. பயிற்சிபெற்ற பாடகன் குரல்வளையைத் தாழ்த்தித் தொண்டையை அகலித்து, செக்கனுக்கு ஏறத்தாழ 3000 அதிர்வுகள் என்ற பகுதியிலே தன் குரலின் சக்தியைக் குவிக்கின்றான். அதாவது வாத்தியங்களை அவன் பலத்தினால் வெல்வதில்லை. அவை விட்டுவைத்த இடைவெளியினூடாக நுழைந்து வருகின்றான். உச்சத்தாயியிலே பாடும் பெண்குரலுக்கு இந்த உபாயம் பயன்படாது. அங்கே பாடகி வாயை மேலும் திறந்து உயிரொலிகளையே மாற்றிக்கொள்ள வேண்டியவளாகிறாள். உச்சத்திலே பாடும்போது சொற்கள் விளங்காமற்போவதற்கு இதுவே காரணம். "என்ன பாடுகின்றாள் என்றே விளங்கவில்லை" என்று குறைகூறுவோர் உடலின் எல்லையொன்றையே குறைகூறுகின்றனர். 1983இல் ரொறன்ரோவிலே மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகளைக் காட்டும் முறை அறிமுகமான பின்னர் இக்குறையும் பெரிதும் நீங்கிவிட்டது.

இங்கேதான் ஈர்ப்பின் அடிப்படை இருக்கின்றது என நாம் கருதுகின்றோம். இயந்திரத்தின் உதவியின்றி, பல ஆண்டுக்காலப் பயிற்சியினால் மாத்திரம், ஒரு மனித உடல் இரண்டாயிரம் பேரை எட்டுகின்றது. அந்த உழைப்பு நம் கண்முன்னே நிகழ்கின்றது; அது எக்கணத்திலும் தவறிப்போகலாம். ஒலிப்பதிவிலே கேட்கும் உச்சசுரத்தை நாம் ரசிக்கின்றோம். அரங்கிலோ அதற்காக அஞ்சுகின்றோம். இந்த அச்சத்தைக் காதல்மயப்படுத்தவும் கூடாது. லா ஸ்காலாவின் மேல்மாடத்து ரசிகர்கள் கொடியவர்கள் எனப் பெயர்பெற்றவர்கள். 1992இல் பவரொற்றியையே அவர்கள் கூச்சலிட்டு இகழ்ந்தனர். 2006 டிசெம்பரிலே 'அய்டா'வின் தொடக்கப் பாட்டின் பின் எழுந்த கூச்சலைக் கேட்ட றொபேர்ட்டோ அலாஞ்ஞா மேடையை விட்டு வெளியேறினார். மாற்றுப்பாடகர் தமது அன்றாட உடையுடனேயே மேடைக்கு ஓடிவந்து தொடர்ந்து பாடினார். ரசிகனின் உரிமை எங்கே முடிகின்றது, உழைப்பாளியை அவமதித்தல் எங்கே தொடங்குகின்றது என்பது சிந்திக்கத்தக்கது. மேல்மாடம் ஏழைகளின் இடமாக இருந்தமையாலேயே அதன் கொடுமையும் நியாயமாகிவிடாது.

'ரிகொலெற்றோ'வுக்கு மீள்வோம். விக்ரர் ஹியூகோ 1832இல் எழுதி, ஒரே இரவுடன் தடைசெய்யப்பட்ட நாடகமே இதன் மூலம். பிரெஞ்சு மன்னனைக் காமுகனாகக் காட்டிய நாடகம் அது. வெனிஸ் நகரத் தணிக்கையாளர் காரணமாக மன்னன் மாந்துவாவின் கோமகனாக்கப்பட்டான். 1851இல் லா பெனீச்சே அரங்கிலே அது அரங்கேறிற்று. கோமகனின் கேளிக்கைக்குத் துணைபோகும் கூனனாகிய கோமாளி ரிகொலெற்றோ. அவன் ஒளித்து வளர்க்கும் மகள் ஜில்டா. கோமகன் அவளையும் கெடுக்கின்றான். தந்தை பழிவாங்கக் கொலையாளி ஒருவனை அமர்த்துகின்றான்.

இறுதி அங்கத்தின் நால்வர் பாட்டு யாவரும் போற்றுவது. சத்திரத்தின் உள்ளே கோமகன் வேறொரு பெண்ணிடம் காதல் பேசுகின்றான்; அவள் அவனைக் கேலிசெய்கின்றாள். வெளியே ஜில்டா அதனைக் கண்டு உடைந்துபோகின்றாள். தந்தை வஞ்சம் மொழிகின்றான். நான்கு மனங்கள், நான்கு மெட்டுக்கள், ஒரே காலம். உரைநடை நாடகத்தில் நால்வர் ஒருங்கே பேசினால் எஞ்சுவது இரைச்சலே. ஒரு சமூகத்திலே வெவ்வேறு நிலையிலுள்ளவர்கள் ஒரே கணத்தை வெவ்வேறாக வாழ்கின்றனர் என்பதை இத்துணைத் தெளிவுடன் காட்டவல்ல வேறொரு கலைவடிவம் இருப்பதாக நாம் அறியோம். அரங்கிலே இருப்பவன் தன் செவியை விரும்பியவர்பாற் செலுத்தலாம். திரையிலோ, படப்பிடிப்பாளன் யாருடைய முகத்தைக் காட்டுகின்றானோ அவருடைய குரலே மேலோங்கிவிடுகின்றது.

அதனினும் கூர்மையான கணம் ஒன்று சற்றுப் பின்னர் வருகின்றது. புயல் வீசுகின்றது, காற்றின் ஓலத்தை மேடைக்குப் பின்னாலிருந்து ஆண்குரற் குழுவொன்று வாய்மூடி இசைக்கின்றது. கொலை முடிகின்றது. சாக்கிலே கட்டப்பட்ட உடலை ரிகொலெற்றோ பெறுகின்றான், ஆற்றிலே எறியப்போகின்றான். அப்போது தொலைவிலே கோமகனின் குரல் கேட்கின்றது. பெண்ணின் மனம் நிலையற்றது என்று அவன் முன்னர் பாடிய அதே இலேசான, சிறிது அற்பத்தனமான மெட்டு. ரிகொலெற்றோவுக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை. எதனையும் அவன் காணவுமில்லை. ஒரு குரல் மாத்திரமே. சாக்கினுள் இருப்பவன் அவனல்லன் என்பதை அந்தக் குரலே அறிவிக்கின்றது. உள்ளே இருப்பது ஜில்டா.

அரங்கிலே அந்தக் குரல் உண்மையாகவே தொலைவிலிருந்து வந்தது. சுவர்களுக்கு அப்பால் எங்கோ ஒரு மனிதன் நின்று பாடிக்கொண்டிருந்தான். இசைத்தட்டிலே நாம் கேட்டது ஒலிவாங்கியால் ஆக்கப்பட்ட தொலைவு. அதனை நாம் தொலைவு என்று ஏற்றுக்கொண்டோம். இங்கே தூரம் ஒரு பௌதிக உண்மை. ரிகொலெற்றோவாக நடித்தவன் திரும்பியபோது நின்றுகொண்டிருந்த நாமும் திரும்பினோம். அதிகாரம் எவ்வளவு சுலபமாகத் தப்பிச் செல்கின்றது, பாட்டொன்றை முணுமுணுத்தபடியே செல்கின்றது என்பதை ஆயிரம் சொற்களிலே விளக்கலாம். வேர்டி, கேட்ட மெட்டையே திரும்பக் கேட்கவைத்து அதனைச் செய்துவிடுகின்றார். எமக்குப் பக்கத்தில் நின்ற முதிய பெண்மணி இடைவேளையின்போது இதனை எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று தமக்கே தெரியாது எனக் கூறியிருந்தார். அவர் அக்கணத்திலே கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

கதை தெரிந்திருந்தும் ஏன் செல்கின்றோம் என்ற வினாவை நம்மவர் எழுப்பத் தேவையில்லை. வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைப் பார்க்கச் சென்றவர்களுள் அரிச்சந்திரன் கதையை அறியாதவர் எவருமிலர். லோகிதாசன் மடிவான், சந்திரமதி சுடலைக்கு வருவாள், அரிச்சந்திரன் கூலி கேட்பான் என்பவற்றையெல்லாம் தெரிந்துகொண்டே விடிய விடிய இருந்தனர். அவர்கள் அறிய விரும்பியது என்ன நடக்கும் என்பதையன்று. இன்றிரவு அது எவ்வாறு பாடப்படும் என்பதையே. இவ்விடத்தில் மிலான் மேல்மாடத்தானும் காங்கேசன்துறை ரசிகனும் ஒரே பாயிலே அமரக்கூடியவர்கள்.

இந்த ஈர்ப்பே ஆபத்தானது என்று வாதாடியவர் பிறெக்ற். 'மஹாகொனி நகரத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்' 1930இல் லைப்சிக் நகரிலே அரங்கேறியபோது நாற்சிகள் கூச்சலிட்டுக் குழப்பினர். அவ்வொபெராவுக்கு எழுதிய குறிப்புகளிலே, ஒபெராவைச் சமையற்கலை சார்ந்தது என அவர் வருணித்தார். சுவைப்பதற்கே உரியது, எதனைச் சொன்னாலும் அதனை இன்பமாக மாற்றிவிடுவது. சாகும் மனிதன் பாடத் தொடங்கியவுடன் சாவும் இனிக்கின்றது. தமது ஆக்கமும் அவ்வகையில் சமையலே என்பதை அவர் நேர்மையுடன் ஒப்புக்கொண்டார். இவ்விமர்சனத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிட முடியாது. வாக்னர் 1876இல் பைறொயித் அரங்கிலே வாத்தியக் குழுவை மறைத்து, மண்டபத்தை இருளாக்கி, ரசிகனை மயக்கத்தில் ஆழ்த்திய மரபையே பிறெக்ற் முதன்மையாக மனதிற் கொண்டிருந்தார். அதற்கு முன்னர் அரங்குகளில் விளக்குகள் எரிந்தன. மக்கள் பேசினர், உண்டனர், தனியறைகளிலே சீட்டாடினர். மௌனமாக இருளிலே அமர்ந்திருத்தல் ஒபெராவின் இயற்கையன்று. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

ஆயின் இன்பம் எப்பொழுதும் சிந்தனையை மழுங்கடிக்கும் என்பதை நாம் ஏற்கவில்லை. பெஞ்சமின் பிறிற்றனின் 'பீற்றர் கிறைம்ஸ்' நமக்குச் சான்று. இரண்டாம் உலகப்போர் ஐரோப்பாவிலே முடிந்து ஒரு மாதத்தின் பின்னர், 1945 யூன் 7ஆந் திகதி, இலண்டனின் சட்லர்ஸ் வெல்ஸ் அரங்கிலே அது அரங்கேறியது. அதன் பிரதியை எழுதிய மொன்ரேகு சிலேற்றர் இடதுசாரி எழுத்தாளர். கடலோரக் கிராமத்து மீனவன் ஒருவன். அவனிடம் வேலைபழகிய சிறுவர்கள் இறக்கின்றனர். அவன் கொடியவனா, துரதிர்ஷ்டசாலியா என்பதை ஒபெரா தீர்த்துவைப்பதில்லை. ஊர் தீர்த்துவிடுகின்றது. வேர்டியிலே குழுப்பாட்டு அடிமைப்பட்டோரின் குரல். இங்கே அது வேட்டையாடும் கும்பலின் குரல். மக்கள் என்றாலே நியாயத்தின் பக்கம் என எழுதிப் பழகிய நமக்கு இது கசப்பான மருந்து.

இறுதி அங்கத்திலே வாத்தியங்கள் ஓய்ந்துவிடுகின்றன. மூடுபனியிலே ஒலிக்கும் எச்சரிக்கைக் குழலும், தொலைவிலே அவன் பெயரைக் கூவும் ஊராரின் குரலுமே எஞ்ச, கிறைம்ஸ் புத்தி பேதலித்துப் பாடுகின்றான். பின்னர் கிழக் கப்பலோட்டி ஒருவன் வந்து, படகைக் கடலுக்குக் கொண்டுசென்று மூழ்கடித்துவிடும்படி அவனிடம் கூறுகின்றான். அதனைப் பாட்டாகக் கூறவில்லை. வெறும் பேச்சாகக் கூறுகின்றான். மூன்று மணித்தியாலமாகப் பாட்டிலே வாழ்ந்த செவிக்கு அந்தப் பேச்சு ஒரு மரணத் தீர்ப்பைப் போன்று விழுகின்றது. மயக்கத்தைக் கலைப்பதற்கு பிறெக்ற் தேடிய உபாயத்தையே பிறிற்றன் மயக்கத்தின் உச்சத்திலே பயன்படுத்தியிருக்கின்றார். உணர்ச்சியும் விமர்சனமும் ஒன்றையொன்று அழிக்கவேண்டியதில்லை.

முற்போக்கின் பெயராலேயே ஒபெரா தண்டிக்கப்பட்டதும் உண்டு. 1934இல் லெனின்கிராட்டில் அரங்கேறி இரண்டு ஆண்டுகள் நிறைந்த சபைகளுக்கு ஆடப்பட்ட ஷொஸ்ரகோவிச்சின் 'லேடி மக்பெத்' 1936 ஜனவரியிலே ஸ்ராலின் வந்து பார்த்துச் சென்ற பின், 'பிராவ்தா'வின் ஒரே கட்டுரையால் மேடையிலிருந்து மறைந்தது. ஷொஸ்ரகோவிச் அதன்பின் இன்னொரு பேரொபெராவை எழுதி முடிக்கவில்லை. மக்களுக்கு விளங்காது என்று மக்களின் சார்பிலே தீர்ப்புக்கூறியவர்கள், அரங்கிலே அமர்ந்திருந்த மக்களைக் கேட்கவில்லை.

இன்று அரங்கிற்கு எதிராக நிற்பது தணிக்கையைவிடக் கணக்கேடே. 1966இல் வில்லியம் போமலும் வில்லியம் போவனும் எழுதிய பொருளியல் ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. ஆலையிலே ஒரு தொழிலாளியின் உற்பத்தி ஆண்டுதோறும் பெருகலாம். 'ரிகொலெற்றோ'வைப் பாடுவதற்கோ 1851இலே தேவைப்பட்ட மனித உழைப்பே இன்றும் தேவைப்படுகின்றது. நால்வர் பாட்டை மூவரைக் கொண்டு பாடவியலாது. கூலியோ ஏனைய துறைகளுடன் சேர்ந்து உயர்கின்றது. ஆகவே அரச மானியம் குறையுமிடத்து நுழைவுச்சீட்டின் விலை ஏறும்; விலை ஏறினால் மேல்மாடத்து மனிதன் வெளியேறுவான்; அவன் வெளியேறியபின் இது பணக்காரரின் கலைதானே என்று கூறி எஞ்சிய மானியத்தையும் வெட்டலாம். சட்லர்ஸ் வெல்ஸ் மரபிலே வந்து, ஆங்கிலத்திலேயே பாடுவதைக் கொள்கையாகக் கொண்ட இங்கிலிஷ் நஷனல் ஒபெரா, 2022 நவம்பரிலே இங்கிலாந்துக் கலைக்கழகத்தின் நிரந்தர நிதிப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, தலைநகரை விட்டு வெளியேறும்படி கேட்கப்பட்டது. பொதுமக்களுக்கென உருவான நிறுவனத்தையே முதலில் வெட்டுவது தற்செயலானதா என்ற ஐயம் எமக்கு உண்டு.

இதற்கு மாற்றாகத் திரை முன்வைக்கப்படுகின்றது. மெற்றொபொலிற்றன் ஒபெரா 2006 டிசெம்பர் 30ஆந் திகதி முதல் தன் நிகழ்ச்சிகளை நேரடியாகச் சினிமா மண்டபங்களுக்கு ஒளிபரப்பி வருகின்றது. பிலிப் ஒஸ்லாண்டர் என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட நூலிலே, 'நேரடி' என்ற கருத்தே பதிவுக்கருவிகள் வந்த பின்னர் தோன்றியது, பதிவுக்கு முன்னர் நேரடி என ஒன்று தனியாக இருக்கவில்லை என்று வாதிட்டார். கூர்மையான வாதம். நேரடி நிகழ்வைப் புனிதப்பொருளாக்கி வழிபடுவோருக்கு அது நல்ல மறுப்பு. ஒபெரா அரங்கையே காணாத பல்லாயிரம் பேருக்கு அத்திரை ஒரு கதவு என்பதையும் மறுக்கமாட்டோம். நமது பல்கலைக்கழகங்களிலே நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவர் ஒபெராவை அறிவது அநேகமாக அவ்வழியாலேயே.

ஆயினும் ஒலிவாங்கியினூடாகப் பெரிய குரலும் சிறிய குரலும் ஒரே அளவினவாகிவிடுகின்றன. சுவருக்கு அப்பால் நின்று பாடுபவனும் முன்னால் நின்று பாடுபவனும் ஒரே பெட்டியிலிருந்து கேட்கின்றனர். இலண்டனிலே ஒரு சினிமா மண்டபத்தில் அத்தகைய ஒளிபரப்பொன்றைப் பார்த்தோம். கடைசிச் சுரம் ஓய்ந்ததும் அங்கிருந்தோரிற் சிலர் கைதட்டினர். ஏனையோர் அவர்களைத் திரும்பிப் பார்த்தனர். கைதட்டியவர்கள் சிறிது வெட்கத்துடன் நிறுத்திக்கொண்டனர். திரையிலே பாடகர்கள் வேறொரு சபையை நோக்கித் தலைவணங்கிக்கொண்டிருந்தனர்.